படகு பெயின்ட்டுக்கு அடியில்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆடி பிறந்த முதல் வாரம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நான் மல்லாந்து படுத்திருந்தேன். கால் இரண்டும் தெருவில். நைட்டிக்கு மேல் என் வீட்டுக்காரருடைய பழைய கம்பெனி சட்டை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு போன பெண்கள் ஒவ்வொருவரும் நின்று, "இன்னாமே, வண்டி உன்ன முழுங்கிடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு இந்த வேலை எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் சம்மட்டி மெஷின் பக்கத்தில் நின்றவர். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அங்கே எல்லாரும் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள், இவரும் அப்படியே. முதலில் குக்கர் விசில் கேட்காமல் போனது. அப்புறம் போன் மணி. அப்புறம் என் குரல். என் குரல் போனதில் உனக்கு லாபம்தான் என்று நான் கிண்டல் செய்வேன், அவரும் சிரிப்பார். டாக்டர் சோதித்துவிட்டு, கீச்சுச் சத்தமெல்லாம் போய்விட்டது, கனமான சத்தம்தான் மிச்சம் இருக்கிறது என்றார். காதுக்கு மெஷின் கொடுத்தார்கள். அதை வைத்தால் உலகமே எவர்சில்வர் பாத்திரம் கழுவுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, அதைக் கழற்றி பீரோவில் போட்டவர் போட்டவர்தான்.

இந்த மனிதர் வாலிபத்தில் எப்படி இருந்தார் தெரியுமா? தெருவில் நாலு பேர் சேர்ந்து கானா பாடினால், தாளத்துக்கு இவரைத்தான் தேடி வருவார்கள். பிளாஸ்டிக் வாளியோ தட்டின் முதுகோ, எதைக் கொடுத்தாலும் போதும். பாடுகிறவன் தப்பினாலும் இவர் விரல் தப்பாது. நான் இவரைக் கட்டிக்கொண்டதற்கே பாதிக் காரணம் அந்த விரல்கள்தான்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு நிச்சயதார்த்தத்தில் சொந்தக்காரர் ஒருவர் ஏதோ கேட்டார். இவர் வேறு ஏதோ பதில் சொன்னார். உடனே அவர் பந்தியே கேட்கும்படி, "செவிடன் காதுல ஊதின சங்குதாம்ப்பா" என்றார். பந்தி சிரித்தது. இவருக்கு வார்த்தை கேட்கவில்லை, சிரிப்பு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. இலையை மடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு எட்டு மாதம் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. தினமும் காலையில் காரைத் துடைப்பார், திண்டுக்கல் பூட்டு மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எர்ணாவூரில் இருக்கும் என் நாத்தனாருக்குப் பல வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் காது குத்துவதாக முடிவு செய்தார்கள். மூத்த தாய்மாமன் இவர். குழந்தை இவர் மடியில்தான் உட்கார வேண்டும். இவரோ, "தம்பி மடியில ஒக்கார வெச்சி குத்திக்கோ. நான் வர்ல" என்று சொல்லிவிட்டார். நாத்தனார் வாசலில் நின்று அழுதாள். "நீ உயிரோட கீற. உன்ன வுட்டுட்டு இன்னொருத்தன் மடிய நான் எப்டிண்ணா தேடுவேன்?" அழுகை இவருக்குக் கேட்டதோ இல்லையோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார். 

அதற்குப் பத்து நாள் கழித்து தண்டையார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். எங்கள் பக்கத்து ஷேர் ஆட்டோக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பின் சீட்டுக்கு அடியில் ஒரு பெரிய வூஃபர் பெட்டி இருக்கும், அது அடிக்கிற அடியில் நம் குடல் இடம் மாறும். நான் எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று என் முட்டியில் ஏதோ தட்டியது. பார்த்தால், இவருடைய விரல்கள். பாட்டுக்கு இம்மி பிசகாத தாளம். அவர் வெளியே கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், தான் தட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. நான் முட்டியை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பாட்டு அவருடைய காதில் நுழையவில்லை, முதுகு வழியாக நுழைந்திருக்கிறது.

மறுநாளே கார் சாமான் கடைக்குப் போனேன். எங்கள் காருக்கு ஒரு வூஃபர் வைக்க வேண்டும் என்றேன். கடைக்காரர் வண்டியைப் பற்றிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "யக்கா, அது பழைய வண்டி. கம்பெனி செட்டு டேஷ்போர்டோட சேர்ந்து வந்தது. அதுல வூஃபருக்குன்னு லைனே கெடையாது. அத்த புடுங்கிப் போட்டுட்டு புது செட்டு மாட்டிக்கோ." இங்கேதான் சிக்கல். அந்தக் கம்பெனி செட்டைத் தொடக் கூடாது என்பது என் வீட்டுக்காரருடைய சட்டம். எந்தப் பொத்தான் எங்கே என்று பார்க்காமலேயே அவர் விரலுக்குத் தெரியும். பின் ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரிலிருந்தே கிளை எடுத்து, நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வைத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கலாமே என்று கேட்டேன். முந்தின நாள் ராத்திரி முழுக்க போனில் அதைத்தான் பார்த்திருந்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யக்கா, இது ஒயரிங்கு. பூ கட்ற வேலை இல்ல."

எனக்கு வந்ததே கோபம். நான் பதினோரு வருடம் கார்களுக்கான ஒயர் கட்டுகளைச் செய்யும் ஒரு கம்பெனியில் லைனில் நின்றவள். கம்பி முனையில் லக் என்கிற உலோக வளையத்தை வைத்து நசுக்கிப் பிடிப்பது, அதுதான் கிரிம்பிங், என் வேலை. ஓர் இழை வெளியே நீட்டினாலும் கழிவுப் பெட்டியில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். என் கட்டு திரும்பி வந்ததில்லை என்று எனக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு. "நானே போடறேன், நீ வந்து பாரு" என்று சொல்லிவிட்டு, ஆம்ப், வூஃபர் பெட்டி, கன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அவர் கடையிலேயே வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று மத்தியானம் வேலை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு தடிமனான சிவப்பு ஒயர், கால் மிதிக்கு அடியில் நுழைத்து, பக்கவாட்டு மூடிக்குள் ஒளித்து, டிக்கி வரை. ஸ்பீக்கர் ஒயரிலிருந்து கிளை. கடைசியில் கறுப்பு ஒயர், அதாவது எர்த். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி அது. காரின் உடம்பே இரும்பு என்பதால், ஓர் இடத்தில் போல்ட்டில் இறுக்கிவிட்டால் உடம்பு முழுக்க ஒயர் மாதிரி வேலை செய்யும். டிக்கியின் தரையில் ஏற்கெனவே ஒரு போல்ட் இருந்தது. என் அழகான லக்கை அதில் வைத்து முறுக்கினேன். என் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து, "செட்டு மேல கீறல் வுழுந்துச்சி, அவ்ளோதான்" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

பாட்டைப் போட்டேன். தும்மென்று அடித்தது. அவர் தலை நிமிர்ந்தது! ஓடிப் போய் அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். அவர் எஞ்சினைப் போட்டார். போட்டதும் வூஃபர் பெட்டியிலிருந்து 'ஙொய்ங்...' என்று ஒரு இரைச்சல். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. எனக்குப் பல் கூசியது. அவருக்கா அது கேட்கும்? "நல்லாத்தான கீது" என்றார். அவர் முகத்தில் எட்டு மாதம் கழித்து ஒரு வெளிச்சம். விரல் ஸ்டியரிங் மேல் போயிற்று. அப்போது பார்த்து ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது, வூஃபர் செத்துவிட்டது. அணைத்துப் போட்டால் வரும், ஒரு நிமிடத்தில் மறுபடி சாகும். நாலு தடவை இப்படி ஆனது. ஐந்தாவது தடவை அவர் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கினார்.

"வுடுமே. நமக்கு இவ்ளோதான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அந்த 'நமக்கு' என்ற சொல் என்னை என்னவோ செய்தது. தெரியாத்தனமாக ஆசை காட்டி, காட்டியதைப் பிடுங்கிக்கொண்டேனே என்று காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த இரண்டு நாளும் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். என் கிரிம்பிங் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. அப்படியானால் குற்றம் மற்றவர்களுடையதுதானே? கன்வெர்ட்டர் மட்டம் என்றேன். ஆம்ப் பழசு என்றேன். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், என்னைத் தவிர.

மூன்றாம் நாள் அவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். சும்மா ஆக்சிலேட்டரை மட்டும் மிதி, எங்கே இரைச்சல் வருகிறது என்று நான் காது வைத்துப் பார்க்கிறேன் என்றேன். அவர் மிதித்தார். வழக்கம்போல் சிவப்பு விளக்கு. சலித்துப்போய் இறங்கிப் பின்பக்கம் வந்தவர், டிக்கிக்குள் எட்டிப் பார்க்கத் தரையில் கையை ஊன்றினார். ஊன்றிய கையை எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"இன்னாமே, இந்த போல்ட்டு சுடுது?"

"வெயில்ல நிக்கிது, சுடாதா?"

என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "வெயிலு சூடு எனக்குத் தெரியாதா? பக்கத்துல தொட்டுப் பாரு, அது ஜில்லுனு கீது. இது மட்டும் உள்ளேந்து சுடுது."

சூடு விஷயத்தில் இருபத்திரண்டு வருடம் உலை பக்கத்தில் நின்ற கைக்கு மேல் சாட்சி கிடையாது. நானும் தொட்டுப் பார்த்தேன். மெய்தான். கறுப்பு ஒயரை இறுக்கிய அந்த போல்ட் மட்டும் டீ கிளாஸ் மாதிரி சுட்டது. மின்சாரம் போக வழியில்லாமல் அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று எனக்கு உறைத்தது. ஆனால் ஏன்? இரும்பு மேல்தானே வைத்திருக்கிறேன்?

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். நீலம்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவருடைய தம்பி காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிறவர். படகுக்குப் பெயின்ட் அடித்தால் மிச்சம் இருப்பதைக் கொட்டுவது கிடையாது. அது அண்ணன் வீட்டுக்கு வரும், மாமன் வீட்டுக்குப் போகும். எங்கள் கேட், கட்டில், தண்ணீர் டிரம், கழிப்பறைக் கதவு எல்லாமே ஒரே படகு நீலம். கடலுக்குத் தாங்குகிற பெயின்ட் உப்புக்காற்றுக்குத் தாங்காதா? கார் வாங்கிய புதிதில், துரு பிடிக்கக் கூடாது என்று இவர் டிக்கித் தரையில் மூன்று கோட்டிங் அடித்தார். போல்ட்டையும் விடவில்லை. ரப்பர் தோல் மாதிரி கெட்டியாக இருந்த அந்த நீலத்தின் மேல்தான், இரும்பென்று நினைத்து, என் அழகான லக்கை உட்கார வைத்திருக்கிறேன்.

பதினோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் கறுப்பு ஒயருக்கு நான் லக் போட்டிருப்பேன்! போட்டதும் பலகையில் ஆணியில் மாட்டிவிட்டு அடுத்ததை எடுப்பேன். அது எந்த ஊரில் எந்த வண்டியில் போய் எதன் மேல் உட்காரும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பூ கட்டுகிறவளாவது அது எந்தத் தலைக்குப் போகிறது என்று பார்த்திருப்பாள். கூச்சமாக இருந்தது.

"பெயின்ட்ட சுரண்டணும்யா" என்று சைகையோடு சொன்னேன். அவர் பதறிப்போனார். "மூணு கோட்டிங்மே! உப்புக்காத்து பூந்துச்சின்னா வண்டி முறுக்கு மாதிரி நொறுங்கிடும்!" ஒரு ரூபாய்க் காசை எடுத்து போல்ட்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இவ்வளவு போதும். காசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய் பேட்டரி இணைப்பைக் கழற்றினார், உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "தள்ளு. நீ தேச்சா கோணலாப் பூடும்." தான் அடித்த பெயின்ட்டைத் தானே தேய்த்தார். நீலம் போய், கீழே இருந்த சாம்பல் நிறப் பூச்சும் போய், காசு அளவுக்குப் பளபளவென்று இரும்பு தெரிந்தது. லக்கை வைத்து, வாஷர் போட்டு, அவரே முறுக்கினார். மேலே கிரீஸை அப்பினார்.

எஞ்சினைப் போட்டோம். ஙொய்ங் இல்லை. மிதித்தார், இல்லை. பாட்டைப் போட்டேன்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. என் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ மேளம் அடித்தார்கள். ஒரு நிமிடம் போனது, ஐந்து நிமிடம் போனது, சிவப்பு விளக்கு எரியவில்லை. இவர் சீட்டில் முதுகை நன்றாகச் சாய்த்து, கண்ணை மூடி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை வாசித்தார். ஆமாம், வாசித்தார். தெருப் பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். ஒருத்தி, "அண்ணாத்தைக்கு காது வந்துடுச்சா?" என்று கேட்டாள். "காது வர்ல, தாளம் வந்துச்சி" என்று கத்தினேன். நான் அந்தக் கம்பெனியில் வாங்கிய எந்தப் பாராட்டும் அந்த நிமிடத்துக்கு ஈடில்லை.

"ஏறுமே" என்றார். ஏறினேன். எண்ணூர் கடற்கரைச் சாலையில் ஒரு பக்கம் கன்டெய்னர் லாரி வரிசை, மறுபக்கம் கரைக்குக் கொட்டிய கருங்கல். எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை, கேட்டாலும் அவருக்குக் கேட்காது. எர்ணாவூர் வந்ததும் வண்டி திரும்பியது. நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றது. சத்தம் கேட்டு அவள் குழந்தையோடு வெளியே ஓடி வந்தாள்.

இவர் கதவைத் திறந்து கையை நீட்டினார். "கொண்டா பாப்பாவ. தம்பி மடியாம், தம்பி மடி! நான் இன்னா செத்தா பூட்டேன்?"

சொன்னதே அவர்தான் என்பதை மறந்துவிட்டார். நாத்தனார் சிரித்துக்கொண்டே அழுதாள். குழந்தையை ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் உட்கார வைத்துக்கொண்டார். வூஃபர் அடித்த அடிக்குக் குழந்தை குதித்ததே ஒரு குதி!

ஆவணியில் விசேஷம் ஜாம்ஜாமென்று நடந்தது. வாசலில் எங்கள் கார்தான் மேளம். சங்கு ஊதின சொந்தக்காரரும் வந்திருந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஷோக்கா கீதே, யாரு போட்டது?" என்று கேட்டார். "நான்தான். சங்க ஊதற எடத்துல ஊதினா யாருக்கும் கேக்கும்" என்றேன், பந்தியே கேட்கும்படி. அவர் அவசரமாகச் சாப்பிடப் போய்விட்டார். பத்தர் குழந்தையின் காதில் ஊசியை வைத்தபோது அது வீறிட்டு அழுதது. இவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "பாப்பா அழுதது கேட்டுச்சிமே."

"எப்டியா?" என்றேன். நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

இப்போது பழைய வண்டி வந்தால் அந்தக் கடைக்காரரே எனக்குப் போன் செய்கிறார். "யக்கா, கம்பெனி செட்டு ஒண்ணு வந்துகீது, கைய வைக்க பயமா கீது." போகிறேன். போனதும் முதலில் உப்புத்தாளைத்தான் எடுக்கிறேன். வீட்டில் இவரிடம் எதையாவது பத்துத் தடவை சொல்லியும் ஏறவில்லை என்று எனக்குக் கோபம் வரும்போது, டிக்கியின் நீலத்துக்கு நடுவில் மின்னும் அந்த ஒரு ரூபாய் அளவு இரும்பை நினைத்துக்கொள்கிறேன். பதினோராவது தடவை கத்தாமல், கிட்டே போய் அவர் முதுகில் கை வைத்துச் சொல்கிறேன்.